எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி: புதிதாகக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் சாலைப் பக்கம் செம்மண் பொட்டலாகக் கிடந்த இடமெல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்தில் மனையாகி, வீடாகி, ஆளுக்கொரு ‘நகர்’ என்று பலகை வைத்துக்கொண்டுவிட்டன. அந்த நகர்களுக்கும் பழைய ஊருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை. என் பெரியவள் அங்கே ஐந்து முடித்துவிட்டாள், சின்னவன் நாலாவது படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். அதனால் பால் வாங்கும் இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் யாராவது ஒருவர் “அக்கா, அந்தப் பள்ளிக்கூடம் எப்படி?” என்று கேட்டுவிடுவார். நின்றபடியே பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வயதில் சேர்க்கலாம்? என்னென்ன கொண்டுவர வேண்டும்?

5 வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ, பெற்றோரின் செல்போன் எண் இருந்தால் போதும். வேறு பள்ளியிலிருந்து வந்தால் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். ஏதாவது ஒரு காகிதம் இல்லையே என்று தயங்கி வீட்டில் வைத்துவிடாதீர்கள். 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்று தாமதம் என்பதற்காகவோ ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், காகிதம் பின்னால் வரட்டும்.

ஜூனில் விட்டுவிட்டால் விஜயதசமி இருக்கிறது. அன்றைக்குப் பள்ளியில் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி ‘அ’ எழுத வைத்துச் சேர்ப்பது இங்கே நல்ல வழக்கமாக இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

ஒன்றும் இல்லை. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் அரசு கொடுக்கிறது.

இரண்டு டீச்சர்தானே இருக்கிறார்கள், ஐந்து வகுப்புக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது, நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். சட்டத்தில் உள்ள கணக்கு இதுதான்: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. எங்கள் பள்ளியில் 60-ஐத் தாண்டவில்லை, அதனால் தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு இன்னொருவர் பாடு திண்டாட்டம்தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவுடன் படிப்பு நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கிறார்கள். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு, எழுத்துக் கூட்டிச் சொல் வாசிக்கிற பிள்ளை மொட்டு, வகுப்புக்குரிய பாடத்தைத் தானே படிக்கிற பிள்ளை மலர். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பயிற்சிப் புத்தகமும் நிலைக்குத் தகுந்த மாதிரி. எங்கள் டீச்சர் மலர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அரும்புப் பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த இருபது நிமிஷம் அந்த நாலைந்து பிள்ளைகளுக்கு மட்டும்தான். நாற்பது பேர் இருந்த வகுப்பில் என் மகளுக்கு அது கிடைத்ததே இல்லை. அவள் யுகேஜி வரை ஒரு தனியார் பள்ளியில்தான் படித்தாள்.

என் மகன் மூணாவது வந்துவிட்டான், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். என்ன செய்வது?

பயப்படாதீர்கள். அதே சமயம் ‘தானா வந்துடும்’ என்று விட்டும் விடாதீர்கள். என் சின்னவன் கதையைச் சொல்கிறேன். கொரோனாவில் அவன் அங்கன்வாடிக்கே சரியாகப் போகவில்லை. இரண்டாம் வகுப்பில் ‘மரம்’ என்று படிப்பான், ‘மருந்து’ வந்தால் நின்றுவிடுவான். மெய்யெழுத்தின் புள்ளி அவன் கண்ணிலேயே படவில்லை. உகரம் வந்தாலும் குழப்பம்தான். ‘கு’வுக்கு ஒரு வளைவு, ‘சு’வுக்கு ஒரு கால், ‘து’வுக்கு ஒரு சுழி என்று ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருக்கிறது, இல்லையா? பெரியவர்களுக்குப் பழகிவிட்டதால் அந்தக் கஷ்டம் மறந்துபோச்சு.

டீச்சர் சொன்ன வழி ரொம்பச் சின்னது. தினம் ஐந்தே சொல், அதுவும் அவன் ஏற்கெனவே வாயால் சொல்கிற சொல். நாங்கள் பஸ் பலகையில் ஆரம்பித்தோம். சாயங்காலம் சாலையோரம் நின்றால் கோட்டையூர், புதுவயல், அறந்தாங்கி என்று வரிசையாக வரும். ‘அறந்தாங்கி’ அவனுக்கு ஒரு வாரம் எடுத்தது. ‘அற’ வரும், ‘ந்’ வந்ததும் தடுக்கும். நான் சொல்லிக்கொடுக்காமல் காத்திருந்தேன், அதற்குள் பஸ் போய்விடும், மறுநாள் பார்ப்போம். ஏழாவது நாள் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார், இவன் இங்கே நின்று “அறந்... தாங்... கி!” என்று கத்துகிறான். அப்புறம் கடைப் பலகை, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தான்.

அதனால் பள்ளிக்குப் போய் உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று கேளுங்கள். டீச்சர் ஒளிக்க மாட்டார். எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘நல்லாப் படிக்க வையுங்க’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் யாருக்கும் பயனில்லை.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

உங்கள் விருப்பம்தான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு 2010-இலிருந்து இருக்கிறது. 2020-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது, ஐந்து வயதில் நீங்கள் எடுக்கிற முடிவு இருபத்தைந்து வயதில் அவன் விண்ணப்பப் படிவத்தில் வந்து நிற்கும். நான் தமிழ் வழியில்தான் சேர்த்தேன். இங்கிலீஷ் ஒரு பாடமாக நன்றாகவே வருகிறது.

காலைச் சாப்பாடு எப்படி இருக்கும்?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ரவா உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி, வெண்பொங்கல் என்று நாளுக்கொன்று, காய்கறி சாம்பாரோடு. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாக்களைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் பிள்ளையும் சாப்பிடப் போகிறது என்றால் சாம்பாரில் கை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மத்தியானம் சத்துணவு, முட்டையோடு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சத்துணவு எம்.ஜி.ஆர் காலத்தில் 1982-இல் வந்தது, அதற்கு முன்பே 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியிருந்தார். எங்கள் அப்பத்தா அந்தக் காலத்துச் சோத்துக்காகவே பள்ளிக்கூடம் போனதாகச் சொல்வார்கள். போனதால்தான் கையெழுத்துப் போடக் கற்றார்கள்.

புதுக் குடியிருப்புக்காரர்கள் சிலர் “எங்க வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை, இது ஏழைப் பிள்ளைகளுக்குத்தானே” என்கிறார்கள். அப்படி இல்லை. எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் அழகு இருக்கிறது. உங்கள் பிள்ளையும் உட்காரட்டும். வீட்டில் தொடாத பரங்கிக்காயை என் மகன் அங்கே தின்கிறான்.

அரிசி ஆலை வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகளும் படிக்கிறார்களாமே?

ஆமாம், படிக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆறு மாதத்தில் தமிழ் பேசிவிடுகிறார்கள், அதுவும் நம்ம ஊர்த் தமிழ். போன வருஷம் வந்த ஒரு பிகார்ப் பெண்குழந்தை இப்போது தன் அம்மாவுக்கு ரேஷன் கடையில் மொழிபெயர்க்கிறாள். ஒன்றே ஒன்றுதான் கவலை. வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்பும்போது சொல்லாமல் போய்விடுகிறார்கள். பக்கத்தில் அப்படி யாராவது குடியிருந்தால், போகும்முன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடிப்பார்களா? டியூஷன் எடுப்பார்களா?

இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் தடை, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதும் தடை. ஏதாவது நடந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், இல்லை எங்கள் குழுவிடம் சொல்லுங்கள். கல்வித் துறை உதவி எண் 14417. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன? அதில் நாங்கள் வர முடியுமா?

வர முடியும், வர வேண்டும். 2024-இல் புதிதாக அமைத்தபோது 24 பேர். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிக்குப் பாதி பெண்கள், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். தலைமையாசிரியர், உள்ளாட்சி உறுப்பினர் இவர்களோடு இந்த முறை முன்னாள் மாணவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும்.

முதல் கூட்டத்தில் நாங்கள் பெண்கள் எல்லாம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் கழிப்பறைப் பேச்சு வந்ததும்தான் வாய் திறந்தது. தாழ்ப்பாள் உடைந்து மூணு மாதம், பெரிய பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அது ஆண்கள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கே தீர்மானம் எழுதினோம், மறுவாரம் தாழ்ப்பாள் வந்தது. தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் வாயால் சொன்ன எதுவும் நடக்கவில்லை, எழுதியது பெரும்பாலும் நடந்தது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். கிராம சபையிலும் பள்ளியைப் பற்றிப் பேசலாம், யாரும் தடுக்க முடியாது.

கல்விச் சீர் என்று ஒன்று நடத்தினீர்களாமே, அது என்ன?

சீர் என்றால் நம்ம பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகளுக்குச் செய்வதைப் பள்ளிக்குச் செய்வதுதான் கல்விச் சீர். தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது. நாங்கள் பிள்ளையார் கோயிலடியில் கூடினோம். கல்யாணத்துக்குச் சீர் எடுத்து வருகிற மாதிரி, முன்னால் மேளம், பின்னால் பெண்கள் கையில் தட்டு. ஆனால் தட்டில் இருந்தது நோட்டு, பென்சில் பெட்டி, சுவர்க்கடிகாரம், சோப்பு, துடைப்பம், தண்ணீர் டிரம்முக்குக் குழாய். ஒரு பாட்டி பனையோலைக் கொட்டானில் முப்பது அழிரப்பர் வைத்து, மேலே மல்லிகைப்பூ வைத்துக் கொண்டுவந்தார். ஆண்கள் பீரோவைத் தள்ளுவண்டியில் வைத்து மாலை போட்டுத் தள்ளினார்கள். கொத்தனார் ஒருவர் கொடுக்கப் பொருள் இல்லை என்று சொல்லி, இரண்டு நாள் கூலியை விட்டுத் தாழ்வாரத்துக்குப் பூசிக் கொடுத்தார். அதையும் சீர் வரிசையில் எழுதினோம்.

வாசலில் தலைமையாசிரியரும் டீச்சரும் சம்பந்தி வீட்டாரை அழைப்பதுபோல் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்து அழைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை, தங்கள் பள்ளிக்கூடத்துக்கே கல்யாணம் என்று குதித்தார்கள். ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்த நகர்க்காரர்களில் மூன்று வீட்டார் அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்த்தார்கள்.

என் பிள்ளைகள் இங்கே படிக்கவில்லை, நானே வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு இதில் என்ன?

செட்டிநாட்டில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி. பர்மாவில் இருந்தாலும் மலேயாவில் இருந்தாலும் ஊர்க் கோயிலில் புள்ளி எழுதப்பட்டிருக்கும். எங்கள் குடும்பம் நகரத்தார் இல்லை, ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆள் எங்கே இருந்தாலும் ஊரில் அவருக்கு ஓர் இடமும் ஒரு கடமையும் இருக்கிறது என்பதுதானே அது. பள்ளிக்கூடத்துக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை படிக்கிற வீடு மட்டும் இல்லை, ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த மண் இது. அவ்வளவு பெரிதாக யாரையும் கேட்கவில்லை.

பணம் அனுப்ப நினைப்பவர்கள் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக, பள்ளி பெயரைக் குறிப்பிட்டே அனுப்பலாம். அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கென்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டம் அது. தனியாள் யார் கையிலும் கொடுக்காதீர்கள், என் கையிலும்தான்.

பணம் மட்டும்தான் உதவி என்றில்லை. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி, அதாவது பள்ளி நேரம் போகத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிற திட்டம், ஆரம்பித்தபோது எங்களுக்கு உட்கார இடமில்லை. பழைய ஊரில் ஒரு ஆச்சி, பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில், அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். “ஏன்த்தா, பிள்ளைக வெயில்ல எங்கே உக்காரும், இங்கே கூட்டிட்டு வா” என்று முகப்பைத் திறந்துவிட்டார்கள். சித்திரை வெயிலிலும் அந்தச் சுண்ணாம்புச் சுவர் குளுகுளுவென்று இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல், சதுரம் சதுரமாகப் பூப்போட்ட தரை ஓடு. வாய்ப்பாடு வராத பிள்ளைகளை அந்தத் தரையில் விட்டோம். இந்தப் பக்கம் ஆறு கல், அந்தப் பக்கம் எட்டு கல், சாக்பீஸால் கோடு போட்டு மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொன்னோம். முதலில் ஒவ்வொரு கல்லாகக் காலை வைத்து எண்ணினார்கள். இரண்டாவது நாள் ஒருத்தி எட்டெட்டாகத் தாவினாள். ஆச்சி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பல வருஷம் கழித்து இந்த வீட்டில் சத்தம் கேட்கிறது என்றார்கள். இப்போதும் சனிக்கிழமை அங்கேதான் வாசிப்பு. உங்கள் வீடும் பூட்டித்தான் கிடக்கிறது என்றால், திண்ணையை மட்டும் யோசியுங்கள்.

பள்ளிக்குப் பக்கத்தில் ஊருணி இருக்கிறதே, ஆபத்தில்லையா?

இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிவிடும், படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கும். அந்தப் பக்கம் கம்பிவேலி போட்டாயிற்று. ஆனாலும் விடும் நேரத்தில் பெற்றோர் இரண்டு பேர் முறை வைத்து நிற்கிறோம். புதிதாக வருகிறவர்களும் மாதம் ஒரு நாள் வர வேண்டியிருக்கும்.

திருவிழா நாட்களில் பள்ளி உண்டா?

உண்டு, உள்ளூர் விடுமுறை விட்டால் ஒழிய. மாசி–பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கும் பிள்ளைகள் வரமாட்டார்கள், அது டீச்சருக்கும் தெரியும். ஒரு நாள் போகட்டும், ஆனால் அதைச் சாக்கிட்டு ஒரு வாரம் நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகள் குறைந்தால் மூடிவிடுவார்களா?

இந்தப் பயம் எங்களுக்கு இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. காலையில் எங்கள் தெருவில் ஏழு மஞ்சள் வேன் வருகிறது. வீடு கூடிக்கொண்டே போகிறது, பள்ளியில் தலை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தச் சுழலை நிறுத்த ஒரே வழிதான் தெரிந்தது. போன மே மாதம் வீடு வீடாகப் போனோம், தலைமையாசிரியரும் கூட வந்தார். 61-ஐத் தொட்டால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க முடியும். இன்னும் நாலு பிள்ளை வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம்?

பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குத்தான் பெரும்பாலும் போகிறார்கள், என் மகளும் அங்கேதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பிலும் பொறியியல் மாதிரி தொழிற்படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போகும்போது பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சேர்க்கும் முன் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். காலை எட்டரைக்கு வந்தால் பந்தியும் பார்க்கலாம், பிரேயரும் பார்க்கலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். வாசலில் வேப்பமரம் இருக்கிறது, அதன் கீழ் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்று, வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார்கள்.